ஹோமோசிஸ்டீன் 38: எந்த எண்ணுக்குப் பயப்படுவது?

கேள்வி: என் கணவருக்கு வயது 47. வங்கியில் வேலை. நாங்கள் சுத்த சைவம், முட்டைகூடச் சேர்ப்பதில்லை. ஆறு வருடமாகச் சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். அதற்கும் முன்பிருந்தே தினமும் காலையில் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை (பான்டோபிரசோல்) போட்டுக்கொள்வார். சென்ற மாதம் அலுவலகத்தில் முகாம் போட்டு எல்லாருக்கும் முழு உடல் பரிசோதனை செய்தார்கள். ரிப்போர்ட்டில் ஹோமோசிஸ்டீன் 38 என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. 15-க்குள் இருக்க வேண்டுமாம். கீழே ‘இதயநோய் அபாயம்’ என்று ஒரு வரி. அதைப் பார்த்ததிலிருந்து அவருக்குத் தூக்கமே இல்லை. என் மாமனார் 51 வயதில் ஹார்ட் அட்டாக்கில் போய்விட்டார், அந்த நினைப்பு வேறு.

மற்ற அளவுகள்: எல்டிஎல் 152, எச்பிஏ1சி 7.4, பிரஷர் 148/92, கிரியாட்டினின் 1.0. கொழுப்புக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த அட்டோர்வாஸ்டாட்டினை எட்டு மாதமாக நிறுத்திவிட்டார். அதனால்தான் பாதம் எரிகிறது, மரத்துப்போகிறது என்றார். கல்லீரலைக் கெடுக்கும் என்று வாட்ஸ்அப்பிலும் வந்ததாம். ஆனால் நிறுத்திய பிறகும் எரிச்சலும் மரமரப்பும் போகவில்லை.

ஹோமோசிஸ்டீனைக் குறைத்துவிட்டால் ஹார்ட் அட்டாக் வராதா? நண்பர் ஒருவர் ஃபோலிக் ஆசிட் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார், தொடங்கலாமா? ரத்தத்தில் நூற்றுக்கணக்கான பொருள்களை அளந்து மாரடைப்பை முன்கூட்டியே சொல்லும் பரிசோதனை வந்திருக்கிறதாமே, எடுக்கலாமா? பி12 சத்துக்கு முட்டை சாப்பிடச் சொல்கிறார்கள். முட்டையால் டிஎம்ஏஓ என்று ஏதோ ஏறி இதயத்தைக் கெடுக்கும் என்றும் படித்தேன். எது சரி? எங்கள் மகனுக்கு 20 வயது. அவனுக்கும் இதெல்லாம் பார்க்க வேண்டுமா?

— வாசகி, கும்பகோணம்

பதில்: சகோதரி, செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் விரிவாகப் பார்க்கலாம். நிறுத்திய கொழுப்பு மாத்திரையைப் பற்றி இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். பிரஷரை மறுபடி அளந்து பாருங்கள். ரத்தத்தில் வைட்டமின் பி12 எவ்வளவு இருக்கிறது என்று சோதியுங்கள். அந்த முடிவு வரும்வரை ஃபோலிக் அமில மாத்திரையைத் தனியாகத் தொடங்க வேண்டாம். நூற்றுக்கணக்கான பொருள்களை அளக்கும் அந்தப் புதிய பரிசோதனைக்கு இப்போது பணம் கட்டவும் வேண்டாம்.

உங்கள் கணவரின் தூக்கத்தைக் கெடுத்த 38 பொய்யான எண் அல்ல. அவர் உடம்பில் ஒரு குறை இருப்பதை அது காட்டுகிறது. ஆனால் அவருடைய இதயத்துக்கு உண்மையான ஆபத்து அதே தாளில், தடித்த எழுத்து இல்லாமல் அச்சாகியிருக்கும் மற்ற எண்களில்தான் இருக்கிறது. எல்டிஎல் 152, பிரஷர் 148/92, எச்பிஏ1சி 7.4. இவற்றோடு 51 வயதில் போன தந்தை. இந்த நான்கையும் ஓரமாக வைத்துவிட்டு ஹோமோசிஸ்டீனை மட்டும் பார்த்துப் பயப்படுவது எனக்கு மிகவும் கவலை தருகிறது. ஏனென்றால் இந்த நான்கில் மூன்றைக் குறைக்க நம் கையில் நன்கு சோதித்துப் பார்த்த மருந்துகள் இருக்கின்றன. அதில் முக்கியமான ஒன்றை அவர் எட்டு மாதமாகத் தொடவில்லை.

ஹோமோசிஸ்டீன் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பருப்பு, பால், தானியம் என்று நாம் சாப்பிடும் புரதம் எல்லாவற்றிலும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் உண்டு. உடல் அதைப் பயன்படுத்தும்போது நடுவழியில் உண்டாகும் பொருள்தான் ஹோமோசிஸ்டீன். சாப்பிட்டது உடம்போடு சேர்ந்து, சக்தியாகி, கழிவாகும் வரை ஒவ்வொரு கட்டத்திலும் இப்படிச் சிறு மூலக்கூறுகள் உண்டாகி ரத்தத்தில் மிதக்கின்றன. வளர்சிதைமாற்றப் பொருள்கள் என்று இவற்றைச் சொல்கிறோம். ரத்தச் சர்க்கரை, யூரியா, யூரிக் அமிலம், கிரியாட்டினின் எல்லாம் இந்த இனம்தான்.

உண்டான ஹோமோசிஸ்டீனை உடல் இரண்டு வழியில் அப்புறப்படுத்துகிறது. ஒன்று, அதைத் திரும்ப மெத்தியோனினாகவே மாற்றுவது. இதற்கு பி12-ம் ஃபோலிக் அமிலமும் வேண்டும். இன்னொன்று, சிஸ்டீன் என்ற வேறொரு அமினோ அமிலமாக மாற்றுவது. இதற்கு பி6 வேண்டும். பி12 இல்லாவிட்டால் முதல் வழி அடைபட்டு, ஹோமோசிஸ்டீன் ரத்தத்தில் தேங்குகிறது.

உங்கள் கணவருக்கு பி12 குறைய மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. பி12-ஐச் செடிகொடிகள் தயாரிப்பதில்லை, நுண்ணுயிர்கள்தான் தயாரிக்கின்றன. அது நமக்கு இறைச்சி, மீன், முட்டை, பால் வழியாகத்தான் கிடைக்கிறது. முட்டையும் சேர்க்காத சைவர்களுக்குப் பாலும் தயிரும் மட்டுமே வழி, நெடுநேரம் காய்ச்சும் பாலில் அதிலும் ஒரு பகுதி அழிந்துவிடும். அடுத்து கேஸ் மாத்திரை. உணவில் புரதத்தோடு ஒட்டியிருக்கும் பி12-ஐப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் தேவை, அந்த அமிலத்தைத்தான் பான்டோபிரசோல் அடக்கிவைக்கிறது. மூன்றாவது மெட்ஃபார்மின். அது சுகருக்கு நல்ல மருந்துதான். ஆனால் வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்குச் சிறுகுடல் பி12-ஐ உறிஞ்சுவது குறைகிறது. மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு அவ்வப்போது பி12 பார்க்க வேண்டும் என்று சர்க்கரைநோய் வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. நடைமுறையில் இது அதிகம் நடப்பதில்லை.

இதில் அவர் தனியாள் இல்லை. புனேயில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் நடுவயது ஆண்களைச் சோதித்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் இரண்டு பங்கினருக்கு பி12 குறைவாக இருந்தது. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஹோமோசிஸ்டீன் கூடியிருந்தது. நம் நாட்டில் முழு உடல் பரிசோதனை செய்துகொள்ளும் சைவ உணவுக்காரர்கள் பலருக்கு இந்த இடத்தில் அம்புக்குறி மேல்நோக்கி நிற்பது அதனால்தான்.

அப்படியானால் அந்த ‘இதயநோய் அபாயம்’ என்ற வரி எங்கிருந்து வந்தது? அதற்குப் பின்னால் உண்மையான அறிவியல் வரலாறு ஒன்று இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் உங்கள் மற்றக் கேள்விகளுக்கும் பதில் கிடைத்துவிடும்.

1960-களின் தொடக்கத்தில், சிறுநீரில் ஹோமோசிஸ்டீனிலிருந்து உண்டாகும் பொருள் ஏராளமாக வெளியேறும் ஒரு பிறவிக் கோளாறை வடஅயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகர மருத்துவர்கள் சில குழந்தைகளிடம் கண்டுபிடித்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு இளவயதிலேயே ரத்தம் உறைந்து குழாய்கள் அடைத்துக்கொண்டன. அமெரிக்காவில் ஹார்வர்டில் இருந்த நோய்க்குறியியல் மருத்துவர் கில்மர் மெக்கல்லி, இதே கோளாறு இருந்து 1933-ல் பக்கவாதத்தில் இறந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் பழைய திசு மாதிரிகளைத் தேடியெடுத்துப் பார்த்தார். ரத்தக்குழாய்கள் முதியவருடையவை போலத் தடித்திருந்தன. பிறகு இரண்டு மாதக் கைக்குழந்தை ஒன்றின் மாதிரிகள் அவர் கைக்கு வந்தன. அதற்கு இருந்தது வேறொரு நொதிக் கோளாறு. சிறுவனின் ரத்தத்தில் மெத்தியோனினும் கூடியிருக்கும், குழந்தைக்கு அப்படியில்லை. இருவருக்கும் பொதுவாகக் கூடியிருந்தது ஹோமோசிஸ்டீன் ஒன்றுதான். குழந்தையின் ரத்தக்குழாய்களும் அதேபோலக் கெட்டிருந்தன. ரத்தக்குழாயைக் கெடுப்பது ஹோமோசிஸ்டீன்தான் என்று அவர் முடிவுக்கு வந்து 1969-ல் கட்டுரை எழுதினார். இந்த நோய் இல்லாத சாதாரண மனிதர்களுக்கும், சற்றே கூடிய ஹோமோசிஸ்டீன் மெல்ல மெல்ல இதே கேட்டைச் செய்யலாம் என்றும் சொன்னார்.

அது கொலஸ்ட்ராலைத் தவிர வேறெதையும் யாரும் பேசாத காலம். மெக்கல்லியின் கருத்தைக் கேட்க ஆள் இல்லை. 1970-களின் இறுதியில் ஹார்வர்டில் அவருடைய பதவியே போயிற்று. பிறகு காற்று திரும்பியது. ஹோமோசிஸ்டீன் கூடியவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் என்று 1990-களில் ஆய்வுக்கு மேல் ஆய்வாக வந்தது. குறைப்பதற்கு விலை மலிவான, பழகிய வைட்டமின்கள் போதும் என்பதால் எதிர்பார்ப்பு மிகப் பெரிதாக இருந்தது. பரிசோதனைக்கூடங்கள் ஹோமோசிஸ்டீனை இதயப் பரிசோதனைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது அந்த அலையில்தான்.

மிச்சமிருந்த கேள்வி ஒன்றுதான்: குறைத்தால் மாரடைப்பு குறைகிறதா? இதற்கு ஆயிரக்கணக்கானவர்களை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிப்பேருக்கு வைட்டமினும் பாதிப்பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து, வருடக்கணக்கில் காத்திருந்து எண்ணிப்பார்க்க வேண்டும். அப்படி இரண்டு பெரிய ஆய்வுகள் 2006 ஏப்ரலில் ஒரே மருத்துவ இதழில் வெளிவந்தன. ஒன்று கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் நடத்திய ‘ஹோப்-2’. கேரளத்தில் பிறந்த இதய மருத்துவர் சலீம் யூசுப் அதை நடத்தியவர்களில் ஒருவர். ரத்தக்குழாய் நோயோ சர்க்கரைநோயோ உள்ள 5,522 பேருக்குச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் ஃபோலிக் அமிலம், பி6, பி12 அல்லது வெற்று மாத்திரை கொடுத்தார்கள். வைட்டமின் குழுவில் ஹோமோசிஸ்டீன் எதிர்பார்த்தபடியே இறங்கியது. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோயால் மரணம் இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு ஆளானவர்கள் வைட்டமின் குழுவில் 18.8 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 19.8 சதவீதம். தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம்தான் அது. இன்னொன்று நார்வேயின் ‘நார்விட்’. அப்போதுதான் மாரடைப்பிலிருந்து பிழைத்த 3,749 பேர். ஹோமோசிஸ்டீன் 27 சதவீதம் குறைந்தது, மறுமாரடைப்பு குறையவில்லை. மூன்று வைட்டமின்களையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு நிலைமை சற்று மோசமாகக்கூடத் தெரிந்தது.

மருந்து வேலை செய்தது, எண் இறங்கியது, நோயாளிக்குப் பலன் இல்லை. வேறு இதய ஆராய்ச்சிகளிலும் இது நடந்திருக்கிறது. நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல்-ஐ உயர்த்திக் காட்டிய டார்செட்ராபிப் என்ற மருந்தைச் சாப்பிட்டவர்களிடையே இறப்பு கூடியதால், அந்த ஆய்வையே 2006 டிசம்பரில் பாதியில் நிறுத்தினார்கள்.

ஏன் இப்படி? மழைக்கு முன் தட்டான் தாழப் பறக்கும் என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். வயலில் பறக்கும் தட்டான் எல்லாவற்றையும் பிடித்து அடைத்துவைத்தாலும் மழை நிற்காது. தட்டானையும் கீழே இறக்கி மழையையும் கொண்டுவருவது காற்றின் ஈரம். ஹோமோசிஸ்டீன் விஷயத்தில் அந்த ஈரம் போன்ற பொதுக் காரணங்கள் பல. சிறுநீரகம் சற்றே தளர்ந்தால் ஹோமோசிஸ்டீன் கூடும், சிறுநீரகத் தளர்ச்சியால் மாரடைப்பு அபாயமும் கூடும். வயது, புகைபிடித்தல், தைராய்டு குறைவு எல்லாம் இப்படித்தான். காய்கறியும் கீரையும் குறைவாகச் சாப்பிடுகிறவர்களுக்கு ஃபோலிக் அமிலம் குறையும், அவர்களுடைய மற்ற உணவுப் பழக்கங்களும் இதயத்துக்கு உகந்தவையாக இருப்பதில்லை. இவர்கள் எல்லாருடைய ரத்தத்தையும் அளந்தால் ஹோமோசிஸ்டீனும் மாரடைப்பும் கைகோத்து நிற்பதுபோலத்தான் தெரியும்.

இங்கே இரண்டு விஷயங்களை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிறவிக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு ஹோமோசிஸ்டீன் 100-ஐத் தாண்டி நிற்கும். அவர்களுக்கு அதைக் குறைத்தால் ரத்தம் உறைவது கண்கூடாகக் குறைகிறது. மெக்கல்லி அந்தக் குழந்தைகளிடம் கண்டது உண்மைதான். இன்னொன்று பக்கவாதம். ஹோப்-2-விலேயே பக்கவாதம் வைட்டமின் குழுவில் சற்றுக் குறைவு. சீனாவில் ரத்த அழுத்தம் உள்ள 20,702 பேரிடம் நடந்து 2015-ல் வெளிவந்த ஆய்வில், அழுத்த மாத்திரையோடு ஃபோலிக் அமிலமும் சேர்த்துக் கொடுத்தபோது பக்கவாதம் 3.4 சதவீதத்திலிருந்து 2.7 சதவீதமாக இறங்கியது. மாவில் ஃபோலிக் அமிலம் கலந்து விற்கும் வழக்கம் அங்கே பரவலாக இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆகவே குறை இருந்தால் அதை நிரப்புவது நல்லதே. மாரடைப்பைத் தடுக்கும் கவசம் என்று அதை நம்புவதுதான் தவறு.

உங்கள் கணவருக்குக் குறையை நிரப்பியே ஆக வேண்டும். காரணம் அவர் கால். பாதம் எரிவதும் மரத்துப்போவதும் நரம்பு பாதிக்கப்பட்டதன் அடையாளம். சுகராலும் வரும், பி12 குறைவாலும் வரும், அவருக்கு இரண்டும் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் மாத்திரையால் வரும் வலி வேறு மாதிரி இருக்கும். தொடை, இடுப்பு, தோள் போன்ற பெரிய தசைகளில் இரண்டு பக்கமும் வலியும் அசதியுமாக வரும், பெரும்பாலும் மாத்திரையை நிறுத்திய சில வாரங்களில் போய்விடும். உங்கள் கணவருக்கு எட்டு மாதமாகியும் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி அதுதான் என்பேன். பி12 குறைவோ சுகரோ செய்த வேலைக்குக் கொழுப்பு மாத்திரை பழி சுமந்திருக்கிறது. அந்தப் பழியால் அவர் இதயம் எட்டு மாதமாகப் பாதுகாப்பு இல்லாமல் இருக்கிறது.

ஹோமோசிஸ்டீன் தோற்ற அதே தேர்வுகளில் எல்டிஎல் ஒவ்வொன்றிலும் தேறியது என்பதை அவரிடம் சொல்லுங்கள். 1994-ல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் சிம்வாஸ்டாட்டின் சோதிக்கப்பட்டது. எல்டிஎல் குறைந்ததோடு நிற்காமல், எல்லாக் காரணங்களாலும் ஏற்படும் மரணமே 30 சதவீதம் குறைந்தது. இயற்கையும் தன் பங்குக்கு ஒரு சோதனை செய்து வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 3,363 கறுப்பின மக்களின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, சிலருக்கு பிசிஎஸ்கே9 என்ற மரபணு பிறவியிலேயே செயலிழந்திருந்தது. அதனால் அவர்களுடைய எல்டிஎல் 28 சதவீதம் குறைவு. 15 ஆண்டுகள் கவனித்ததில் அவர்களுக்கு இதயத் தமனி நோய் 88 சதவீதம் குறைவாக இருந்தது. 2006-ல் வெளிவந்த இந்த ஆய்வை நான் பலமுறை மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். மருந்தும் இல்லை, மருந்துக் கம்பெனியும் இல்லை. பிறந்ததிலிருந்து எல்டிஎல் குறைவாக இருந்தது, இதயம் தப்பித்தது. அவ்வளவுதான்.

மாத்திரையின் பக்கவிளைவு பற்றியும் அவர் தெரிந்துகொள்ள வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. லண்டன் இம்பீரியல் கல்லூரியில், பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேரிடம் மாதத்துக்கு ஒரு குப்பியாகப் பன்னிரண்டு குப்பிகள் கொடுத்தார்கள். நான்கில் அட்டோர்வாஸ்டாட்டின், நான்கில் வெற்று மாத்திரை, நான்கு காலிக் குப்பிகள். மாத்திரைக் குப்பியில் இருப்பது எது என்று அவர்களுக்குத் தெரியாது. தினமும் உடம்பு எப்படி இருக்கிறது என்று குறித்துவந்தார்கள். ஸ்டாட்டின் மாதங்களில் அவர்கள் பட்ட உபாதையில் 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதங்களிலும் இருந்தது. அவர்கள் பட்ட வேதனை உண்மை. அதை உண்டாக்கியது பெரும்பாலும் மாத்திரையைப் பற்றிய பயம். முடிவைத் தெரிவித்த பிறகு பாதிப்பேர் மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள். கல்லீரலைப் பொறுத்தவரை, தீவிர பாதிப்பு மிக அரிது. தொடங்கும்போது ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துக்கொள்ளலாம். ஸ்டாட்டினால் சுகர் சிறிதளவு கூடுவது உண்மை, அதற்காகச் சர்க்கரை நோயாளிக்கு அதை யாரும் நிறுத்துவதில்லை, பலன் அவ்வளவு பெரிது. உங்கள் கணவரைப் போன்றவருக்கு எல்டிஎல் 100-க்குக் கீழே இருக்க வேண்டும். தந்தைக்கு 55 வயதுக்கு முன்பே மாரடைப்பு என்பதால் 70-க்குக் கீழே கொண்டுவர உங்கள் மருத்துவர் முயலலாம்.

பிரஷரையும் லேசாக விடாதீர்கள். முகாமில் ஒருமுறை அளந்ததை வைத்து மாத்திரை தொடங்க வேண்டியதில்லை. ஒரு வாரம் வீட்டில் காலையும் மாலையும், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு அளந்து எழுதிக்கொண்டு போங்கள். சுகர் உள்ளவருக்கு 130/80-க்குள் இருப்பது நல்லது. மாடிப்படி ஏறும்போது நெஞ்சு கனத்தாலோ முன்பில்லாத மூச்சுவாங்கல் இருந்தாலோ இந்த வாரம் என்றுகூடக் காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சுகர் உள்ளவர்களுக்கு மாரடைப்பு பெரிய வலி இல்லாமலும் வரும்.

சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளிவந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வில், முதல் மாரடைப்பின் அபாயத்தில் சுமார் 90 சதவீதத்தை ஒன்பது காரணங்களே விளக்கிவிட்டன. கொழுப்பு, புகை, பிரஷர், சுகர், தொப்பை, மன அழுத்தம், காய்கனி குறைவு, உடற்பயிற்சி இல்லாமை, மதுப் பழக்கம். எல்லாமே அக்கம்பக்கத்தில் எல்லாரும் அறிந்த பழைய பெயர்கள். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்துவிடுகிறது, மற்ற நாட்டவர்களைவிட ஐந்தாறு ஆண்டு முன்னதாக. அதற்கும் இந்த ஒன்பது காரணங்கள் நமக்கு இளவயதிலேயே சேர்ந்துவிடுவதுதான் பெரும்பாலும் காரணம் என்று அதே ஆய்வு காட்டியது.

இப்போது புதிய பரிசோதனைகள். கருவிகள் அற்புதமாக வளர்ந்துவிட்டன, ஒரு துளி ரத்தத்தில் நூற்றுக்கணக்கான பொருள்களை ஒரே நேரத்தில் அளக்க முடிகிறது. இவற்றை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் ஆய்வில், சேமித்துவைத்த ரத்தத்தைச் சோதித்து, லூசின், ஐசோலூசின், வாலின், டைரோசின், ஃபினைல்அலனின் ஆகிய ஐந்து அமினோ அமிலங்கள் கூடியிருந்தவர்களுக்கு, சர்க்கரைநோய் வருவதை 12 ஆண்டுகள் முன்பே ஊகிக்க முடிந்ததாக 2011-ல் கண்டார்கள். நோய் எப்படி வேர்விடுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இது பெரிய உதவி. உங்கள் கணவருக்கு ஏற்கெனவே சுகர் இருக்கிறது, தந்தையின் வரலாறு இருக்கிறது. இன்னும் நூறு பொருள்களை அளந்து ‘அபாயம் அதிகம்’ என்று வந்தாலும் செய்யப்போவது மேலே சொன்ன அதே சிகிச்சைதான். ‘அபாயம் குறைவு’ என்று வந்தால் அவர் அதைக் காரணம் காட்டி மாத்திரையைத் தொடாமல் இருந்துவிடுவார் என்பதுதான் என் பயம்.

நீங்கள் படித்த டிஎம்ஏஓ-வும் இப்படி வெளிச்சத்துக்கு வந்ததுதான். முட்டைக்கருவிலும் இறைச்சியிலும் உள்ள கோலின், கார்னிட்டின் ஆகிய பொருள்களைக் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் உடைக்கின்றன. அதில் வரும் வாயுவைக் கல்லீரல் டிஎம்ஏஓ-வாக மாற்றுகிறது. கிளீவ்லாந்து கிளினிக்கில் ஸ்டான்லி ஹேசன் குழுவினர் 4,007 பேரை மூன்றாண்டு கவனித்து, இது மிக அதிகமாக இருந்த கால்பங்கினருக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் இவற்றின் அபாயம் மிகக் குறைவாக இருந்தவர்களைவிட இரண்டரை மடங்கு என்று 2013-ல் எழுதினார்கள். சுவையான செய்தி ஒன்று: நெடுநாள் சைவர்களுக்கு இறைச்சி கொடுத்துப் பார்த்தபோதும் டிஎம்ஏஓ அதிகம் உண்டாகவில்லை, அவர்கள் குடலில் அதற்கான பாக்டீரியாக்கள் குறைவு. ஆனால் கடல்மீனில் டிஎம்ஏஓ நேரடியாகவே ஏராளம், மீன் சாப்பிடுகிறவர்களுக்கோ இதயநோய் கூடுவதில்லை. இதுவும் சிறுநீரகம் வழியாக வெளியேறும் பொருள், சிறுநீரகம் தளர்ந்தால் இதுவும் ஏறும். மரபணு வழியாகச் செய்த ஆய்வுகள் இதைக் குற்றவாளியாகக் காட்டவில்லை. ஹோமோசிஸ்டீன் 1990-களில் எங்கே நின்றதோ, ஏறக்குறைய அங்கேதான் இது இன்று நிற்கிறது. டிஎம்ஏஓ-வைக் குறைத்தால் மாரடைப்பு குறைகிறது என்று மனிதர்களிடம் பெரிய ஆய்வு ஒன்று காட்டும்வரை, இதற்காக யாரும் ரத்தம் கொடுக்க வேண்டியதில்லை.

முட்டைக்கு வருகிறேன். பி12-க்காக உங்கள் கணவர் தன் வழக்கத்தை மாற்றி முட்டை சாப்பிட வேண்டிய அவசியமே இல்லை. மாத்திரையில் உள்ள பி12 பாக்டீரியாக்களை வளர்த்து எடுக்கப்படுவது. உறை சிலவற்றில் ஜெலட்டின் இருக்கும், அது வேண்டாமென்றால் கேப்சூல் அல்லாத மாத்திரையாகக் கேட்டு வாங்குங்கள். மாத்திரையில் உள்ள பி12 புரதத்தோடு ஒட்டியிருப்பதில்லை, அதைப் பிரிக்க வயிற்று அமிலமும் வேண்டாம். தினம் 1,000 மைக்ரோகிராம் போன்ற உயர்ந்த அளவில் கொடுத்தால், உறிஞ்சும் திறன் குறைந்த குடலிலும் ஒரு சதவீதம் தானாகவே ரத்தத்தில் கலந்துவிடும். உடலின் தேவைக்கு அது போதும். ஆனால் அவருக்குக் கால் நரம்பு பாதித்திருப்பதால் முதல் சில வாரங்கள் ஊசியாகவே போடலாம் என்று உங்கள் மருத்துவர் முடிவு செய்யக்கூடும். நானும் அதையே விரும்புவேன். பழைய சோற்றில் பி12 கொட்டிக்கிடக்கிறது என்று பரவும் செய்தியை நம்பி இருந்துவிடாதீர்கள். பழைய சோறு நல்ல உணவு, இந்தக் குறைக்கு அது மருந்தாகாது.

நண்பர் கொடுத்த ஃபோலிக் அமிலத்தை ஏன் தள்ளிவைக்கச் சொன்னேன் என்றால், பி12 குறைந்தவர் அதை மட்டும் சாப்பிட்டால் ரத்தசோகை சரியானதுபோலத் தோன்றும், நரம்புச் சேதம் உள்ளே தொடர்ந்துகொண்டே இருக்கும். நல்ல எண்ணத்தில்தான் கொடுத்திருக்கிறார். பி12 தொடங்கிய பிறகு மருத்துவர் சொன்னால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ரத்தம் எடுத்த முறையையும் கொஞ்சம் விசாரியுங்கள். குழாயில் எடுத்த ரத்தத்தைச் சீக்கிரம் சுழற்றிப் பிரிக்காவிட்டால், சிவப்பணுக்கள் ஹோமோசிஸ்டீனை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். சாதாரண வெப்பத்தில் மணிக்குச் சுமார் 10 சதவீதம் வரை எண் ஏறும். முகாமில் எடுத்து வேறு ஊர் லேபுக்குப் போயிருந்தால் 38-ல் ஒரு பங்கு பயணத்தில் ஏறியதாகவும் இருக்கலாம். இதற்காக ஹோமோசிஸ்டீனையே திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டாம். பி12-ஐப் பாருங்கள், 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு உறுதி. சற்று மேலே இருந்தாலும், 38-ஐயும் கால் எரிச்சலையும் வைத்துப் பார்த்து மருத்துவர் சிகிச்சை தொடங்கலாம். தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. காபியும் ஹோமோசிஸ்டீனைச் சிறிது ஏற்றும், அதற்காகக் கும்பகோணத்துக்காரரைக் காபியை விடச் சொல்லமாட்டேன், சர்க்கரையைத் தவிர்த்தால் போதும். கேஸ் மாத்திரை அவருக்கு இன்னும் தேவைதானா என்று கட்டாயம் கேளுங்கள். ஏதோ ஒரு நாள் நெஞ்செரிச்சலுக்குத் தொடங்கிய மாத்திரை, நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் வருடக்கணக்கில் தொடர்வதை நான் தினமும் பார்க்கிறேன். நெடுநாள் சாப்பிட்டதைத் திடீரென நிறுத்தினால் எரிச்சல் கூடும், மருத்துவர் சொல்லும் முறையில் படிப்படியாகக் குறையுங்கள்.

மகனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவனும் உங்களைப் போலவே சாப்பிடுகிறான் என்றால் பி12 பார்ப்பது நியாயமானதே. இதயத்தைப் பொறுத்தவரை, தாத்தாவின் வரலாற்றை வைத்து நான் பார்க்க விரும்பும் கூடுதல் பரிசோதனை ஒன்றுதான்: லிப்போபுரோட்டீன் (ஏ). எல்டிஎல் போன்ற ஒரு கொழுப்புத் துகள் அது. அதன் அளவைப் பெரும்பாலும் பிறப்பே தீர்மானிக்கிறது, உணவால் அதிகம் மாறாது, ஆகையால் வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். இளவயது மாரடைப்பு உள்ள குடும்பங்களில் இது கூடியிருப்பதை அடிக்கடி பார்க்கிறோம். மரபணு ஆய்வுகள் இதைக் காரணம் என்றே காட்டியிருக்கின்றன. முதலில் உங்கள் கணவருக்கு எடுங்கள். 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் எல்டிஎல்-ஐ இன்னும் தாழ்வாக வைக்க வேண்டும் என்று பொருள். அப்போது மகனுக்கும் எடுத்துப் பாருங்கள். அவருக்கு அது குறைவாக இருந்தால், மகனுக்கு இப்போதைக்குச் சாதாரண கொழுப்புப் பரிசோதனையும் வருடம் ஒருமுறை பிரஷரும் சுகரும் பார்த்தால் போதும். சிகரெட் பக்கம் போகாமல் இருக்க வேண்டும் என்பதை மட்டும் அவன் அப்பாவே அவனிடம் உட்கார்ந்து பேசட்டும்.